கிராவல்பூர்: கனடியப் புல்வெளியில் ஒரு பிரெஞ்சு ஊர்

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தின் தெற்கே, மூஸ் ஜா நகரிலிருந்து தென்மேற்காக நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கும் சிற்றூர் கிராவல்பூர். ஆங்கிலம் பேசுவோர் இதைக் கிரேவல்பர்க் என்பர். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்ந்தோர் 1,083 பேர். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய வரை கோதுமை, பருப்பு, கடுகு வயல்கள். இத்தகைய ஊர்கள் சஸ்காச்சுவானில் நூற்றுக்கணக்கில் உண்டு. ஆனால், நெடுஞ்சாலையில் வருபவருக்குத் தானியக் கிடங்குகளுடன் இரண்டு பெரிய கோபுரங்களும் தெரியும் ஊர் இது. ஒரு நகரத்துக்குரிய பேராலயம், அதன் அருகே ஆயர் இல்லம், மறுபுறம் நீண்ட செங்கல் கட்டடமாகக் கன்னியர் மடம் என மூன்றும் ஆயிரம் பேர் வாழும் ஊரில் நிற்கின்றன. கனடிய அரசு 1995இல் இவற்றைத் தேசிய வரலாற்றிடமாக அறிவித்தது.

இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு பெரிய கட்டடங்கள் எதற்கு என்பதே இவ்வூரின் வரலாற்றைத் திறக்கும் கேள்வி. இங்கு குடியேறியவர்கள் ஒரு கிராமத்தை மட்டும் மனத்தில் வைத்துக் கட்டவில்லை. மேற்குக் கனடாவில் பிரெஞ்சு மொழியும் கத்தோலிக்க சமயமும் நிலைக்க ஒரு தலைநகரைக் கட்டுவதாகவே எண்ணினார்கள்.

குடியேற்றத்துக்கு முன்

இப்பகுதியின் வரலாறு 1906இல் தொடங்குவதாக எழுதுவது வழக்கம். அது சரியன்று. கிரீ, சோட்டோ, நக்கோடா ஆகிய முதற்குடி மக்கள் எருமைக் கூட்டங்களைப் பின்தொடர்ந்து வாழ்ந்த நிலம் இது. 1874இல் கையெழுத்தான நான்காம் உடன்படிக்கையின் எல்லைக்குள் தெற்கு சஸ்காச்சுவானின் பெரும்பகுதி வந்தது. அதன் பிறகு எருமைகளும் அழிந்தன. மக்களும் ஒதுக்கு நிலங்களுக்குள் அடங்க நேர்ந்தது.

இப்புல்வெளியில் முதலில் பிரெஞ்சு பேசியவர்களும் கியூபெக்கிலிருந்து வந்த உழவர்கள் அல்லர். கம்பளித்தோல் வணிகர்களுக்கும் முதற்குடிப் பெண்களுக்கும் பிறந்த வழியினரான மேட்டி மக்களே அவர்கள். கிராவல்பூருக்குத் தென்கிழக்கே உள்ள வில்லோ பஞ்ச் என்னும் ஊரில் மேட்டிக் குடும்பங்கள் 1880ஆம் ஆண்டளவிலேயே குடியிருந்தன. ழான் லூயி லெகாரே என்ற கியூபெக் வணிகர் அங்கிருந்துதான் 1881இல் சியூ இனத் தலைவர் சிட்டிங் புல்லையும் அவருடைய மக்களையும் அமெரிக்க எல்லைக்கு அழைத்துச் சென்றார். 1885இல் வடக்கே பட்டோஷில் லூயி ரியேல் தலைமையிலான எழுச்சி அடக்கப்பட்டு, ரியேல் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் மேட்டிகளின் குரல் நெடுங்காலம் ஒடுங்கியது. பின்னர் வந்த பிரெஞ்சுக் குடியேறிகள் மேட்டிகளோடு ஒரே மொழியையும் ஒரே சமயத்தையும் பகிர்ந்தாலும், பல இடங்களில் அவர்களைத் தமக்குச் சமமாக நடத்தவில்லை. சிறுபான்மையினர் தம் துன்பத்தை நினைவில் வைக்கும் அளவுக்குத் தம்மினும் எளியோர் துன்பத்தை நினைவில் வைப்பதில்லை. இவ்வூர்களின் நினைவு நூல்களும் இதற்கு விலக்கல்ல.

ஒரு குருவானவரின் திட்டம்

1840 முதல் 1930 வரையான காலத்தில் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் பிரெஞ்சுக் கனடியர் கியூபெக்கை விட்டு அமெரிக்காவுக்குச் சென்றனர். பெரும்பாலோர் மாசசூசெட்ஸ், ரோட் தீவு முதலிய மாநிலங்களின் பஞ்சாலைகளில் கூலிகளாயினர். கியூபெக்கில் பிள்ளைகள் அதிகம். பங்கிட நிலம் இல்லை. மேற்கே அரசு நிலத்தை ஏறக்குறைய இலவசமாகக் கொடுத்தது. 1872ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி 10 டாலர் கட்டணம் செலுத்தி, மூன்றாண்டுகள் குடியிருந்து, குறிப்பிட்ட அளவு நிலத்தைப் பண்படுத்தினால் 160 ஏக்கர் சொந்தமாகும்.

அப்படியிருந்தும் கியூபெக் மக்கள் மேற்கே பெருந்திரளாகப் போகவில்லை. தொழிற்சாலைக் கூலி உடனே கையில் கிடைத்தது. புல்வெளி தொலைவில் இருந்தது. அங்கே தம் மொழிக்கு இடமில்லை என்ற அச்சமும் இருந்தது. மானிட்டோபா மாகாணம் 1890இல் பிரெஞ்சின் ஆட்சிமொழித் தகுதியையும் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கான அரசு உதவியையும் நீக்கியதை அவர்கள் பார்த்திருந்தார்கள். எனவே திருச்சபை ஒரு வழியை மேற்கொண்டது. குடியேற்றக் குருக்கள் என்று சிலரை நியமித்து, கியூபெக்கிலும் அமெரிக்க ஆலை நகரங்களிலும் ஊர் ஊராகச் சென்று உழவர்களைத் திரட்டச் செய்தது. அவர்களில் ஒருவர் லூயி பியேர் கிராவல். அப்போது இப்பகுதி செயின்ட் போனிபஸ் பேராயர் அடெலார் லாஞ்வினின் ஆளுகையில் இருந்தது. 1906இல் கிராவல் அடிகளார் தொடங்கிய குடியிருப்புக்கு அவர் குடும்பப் பெயரே ஊர்ப்பெயராயிற்று.

அவர் தேர்ந்த இடம் வுட் ஆற்றின் கரை. மண் வளமானது, மழையைத்தான் நம்ப முடியாது. 1857 முதல் 1860 வரை இப்புல்வெளியை ஆய்ந்த ஜான் பாலிசர், இதன் தென்பகுதி வேளாண்மைக்கு ஏற்காத வறண்ட நிலம் என்று எழுதியிருந்தார். அவர் பெயராலேயே இன்றும் அது பாலிசர் முக்கோணம் எனப்படுகிறது. கிராவல்பூர் அந்த முக்கோணத்துக்குள் இருக்கிறது. ஆனால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மழை பெய்தது. பாலிசர் தவறாகச் சொல்லிவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அரசும் அப்படியே நினைத்து, 1908இல் இவ்வறண்ட பகுதியைக் குடியேற்றத்துக்கு முழுமையாகத் திறந்துவிட்டது. முதல் 160 ஏக்கரோடு அடுத்த 160 ஏக்கரை ஏக்கர் 3 டாலர் விலையில் வாங்கிக்கொள்ளவும் வழி செய்தது.

தொடக்கத்தில் வந்தவர்கள் மூஸ் ஜா வரை இரயிலில் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் பல நாள் பயணம் செய்தார்கள். மரம் இல்லாத நிலம் என்பதால் பலர் புல்தரையை வேரோடு கட்டிகளாக வெட்டி அடுக்கி வீடு கட்டினர். 1913இல் இரயில் பாதை வந்தது. 1916இல் ஊர் நகராட்சித் தகுதி பெற்றது. கியூபெக்கிலிருந்தும் நியூ இங்கிலாந்து ஆலை நகரங்களிலிருந்தும் வந்தவர்களோடு பிரான்சு, பெல்ஜியம் நாடுகளிலிருந்து நேரே வந்தவர்களும் கலந்திருந்தனர். ஒரே மொழியைப் பேசினாலும் உச்சரிப்பிலும் பழக்கத்திலும் அவர்கள் ஒருவர்க்கொருவர் அயலாரே. அவர்களை ஒன்றாக்கியது பங்குக் கோயில்.

கோதுமை விலையும் கோபுரமும்

முதல் உலகப் போர் ஐரோப்பாவின் வயல்களை அழித்தபோது கனடியக் கோதுமையின் விலை ஏறியது. 1917இல் அரசே விலையை நிர்ணயித்தது. புஷல் ஒன்றுக்கு இரண்டு டாலருக்கும் மேல். போருக்கு முன் ஒரு டாலருக்கும் குறைவாக விற்ற தானியம் அது. கிராவல்பூரின் பெரிய கட்டடங்கள் அனைத்தும் ஏறத்தாழ இந்த மூன்றாண்டுகளில் எழுந்தவை என்பது தற்செயலாக இருக்க முடியாது. இயேசு மரியா சபைக் கன்னியரின் மடமும் உறைவிடப் பள்ளியும், ஆண்களுக்கான மத்தியூ கல்லூரி, விண்ணேற்பு மாதா பேராலயம் ஆகியவை 1917க்கும் 1919க்கும் இடையில் கட்டத் தொடங்கப்பட்டன. உழவர் கையில் பணம் இருந்தது. அது தொடரும் என்ற நம்பிக்கையும் இருந்தது.

பேராலயம் ஆயிரம் பேருக்கு மேல் அமரக்கூடியது. அதன் உட்சுவர்களையும் விதானத்தையும் நிறைக்கும் ஓவியங்களை வரைந்தவர் தொழில்முறை ஓவியர் அல்லர். ஊரின் பங்குத்தந்தையான சார்ல் மையார். பிரான்சில் பிறந்தவர். 1921 முதல் 1931 வரை, பத்தாண்டுகள், பங்குப் பணிகளுக்கு இடையே தாமே வரைந்து முடித்தார். 1930இல் கிராவல்பூர் தனி மறைமாவட்டமாயிற்று. அதன் முதல் ஆயர் ரொத்ரிக் வில்நேவ் ஓராண்டே இங்கிருந்தார். 1931இல் கியூபெக் பேராயராகி, 1933இல் கர்தினாலானார். பிரெஞ்சுக் கனடாவின் மிக உயர்ந்த திருச்சபைப் பதவிக்குப் போகும் வழியில் ஒருவர் இந்தப் புல்வெளி ஊரில் தங்கிச் சென்றார் என்பதே, அன்று இவ்வூருக்கு இருந்த மதிப்பைக் காட்டும்.

இவற்றுள் நீண்டகாலப் பயன் தந்தது கல்லூரிதான். ரெஜைனாவின் முதல் பேராயரும் அதற்கு முன் கியூபெக்கின் லவால் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவருமான ஒலிவியே எல்செயர் மத்தியூ 1918இல் அதை நிறுவினார். 1920 முதல் அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் அதை நடத்தினர். யாழ்ப்பாணத்துத் தமிழ் வாசகர்களுக்கு இச்சபை புதிதல்ல. அங்கே புனித பத்திரிசியார் கல்லூரியை வளர்த்ததும் இதே சபையே. மத்தியூ கல்லூரியில் இலத்தீன், கிரேக்கம், மெய்யியல் அடங்கிய பழைய பிரெஞ்சுப் பாடத்திட்டம் நடந்தது. பட்டங்களை ஒட்டாவா பல்கலைக்கழகம் வழங்கியது. மாகாணம் முழுவதிலுமிருந்து உழவர் வீட்டுப் பையன்கள் வந்து தங்கிப் படித்தார்கள். பிற்காலத்தில் சஸ்காச்சுவான் பிரெஞ்சுச் சமூகத்தின் வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், ஆசிரியர்கள், சங்கத் தலைவர்கள் பலரும் இங்கிருந்து போனவர்களே.

ஒரு மணி நேரம்

தனியார் கல்லூரி ஒரு சிலருக்கு மட்டுமே. பெரும்பாலான பிள்ளைகள் படித்தது வயல்களுக்கு நடுவே இருந்த ஓரறைப் பொதுப் பள்ளிகளில். மொழிப் போராட்டம் அங்கேதான் நடந்தது.

வடமேற்கு நிலப்பகுதிகளுக்கான கூட்டாட்சிச் சட்டம் 1877 முதல் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டையும் அனுமதித்தது. ஆங்கிலக் குடியேறிகள் பெருகியதும் 1892இல் சட்டமன்றம் தன் நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் மட்டுமே என்று தீர்மானித்தது. பள்ளிகளிலும் பயிற்றுமொழி ஆங்கிலமாயிற்று. பிரெஞ்சுக்குக் கிடைத்தவை தொடக்க வகுப்பும், பின்னர் நாளின் ஒரு சிறு பகுதியும்தான். சஸ்காச்சுவான் 1905இல் மாகாணமானபோதும் இந்நிலை தொடர்ந்தது. கிராவல் அடிகளார் உழவர்களை அழைத்து வந்த 1906இல், அவர்களின் பிள்ளைகள் தம் மொழியில் படிக்கும் உரிமை ஏற்கெனவே அரைகுறையாக இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

போர்க்காலத்தில் நிலைமை மோசமாயிற்று. ஒண்டாரியோ 1912இல் பிரெஞ்சுப் பள்ளிகளை ஒடுக்கியது. மானிட்டோபா 1916இல் இருமொழிப் பள்ளிகளை ஒழித்தது. சஸ்காச்சுவானில் ஜெர்மன், உக்ரேனிய மொழிப் பள்ளிகள் மீதெழுந்த வெறுப்பு பிரெஞ்சையும் சேர்த்து அடித்தது. முதலமைச்சர் வில்லியம் மார்ட்டின் 1918இல் ஆங்கிலம் மட்டுமே பயிற்றுமொழி என்று சட்டம் கொண்டுவந்தார். பிற மொழிகள் முற்றாக நீங்கின. பிரெஞ்சுக்கு மட்டும் முதல் வகுப்பும் அதன் பின் நாளுக்கு ஒரு மணி நேரமும் எஞ்சின. அதுவும் அமைச்சரவையில் இருந்த அக்காடியப் பிரெஞ்சுக்காரர் வில்லியம் டர்ஜன் போராடிப் பெற்றது. பிரெஞ்சுக்காரர் அல்லாத வேளாண் அமைச்சர் மதர்வெல் தம் பதவியைத் துறந்தார். இம்மொழிக் கொள்கையும் அதற்கு ஒரு காரணம்.

1927இல் அமெரிக்காவிலிருந்து கூ கிளக்ஸ் கிளான் இயக்கம் சஸ்காச்சுவானுக்குள் நுழைந்தது. இங்கு அது முதன்மையாகக் குறிவைத்தது கத்தோலிக்கரையும், கீழை ஐரோப்பியக் குடியேறிகளையும், பள்ளியில் பிரெஞ்சையும். கிளான் சொன்னவற்றில் பெரும்பகுதி புளுகு. ஆனால் அது பற்றிக்கொண்ட ஒரு மனக்குறை முழுப் பொய்யல்ல. கத்தோலிக்கர் பெரும்பான்மையாக இருந்த ஊர்களில் பொதுப் பள்ளியிலேயே கன்னியர் துறவுடையில் பாடம் நடத்தினர். சுவரில் பாடுபட்ட சுரூபம் தொங்கியது. அங்கிருந்த சிறுபான்மைப் புராட்டஸ்தாந்துப் பிள்ளைகளுக்கு வேறு போக்கிடம் எளிதில் இல்லை. மாகாண அளவில் சிறுபான்மையாக இருந்தவர்கள் தம் ஊருக்குள் பெரும்பான்மையாக நடந்துகொண்டார்கள். இதற்குத் தீர்வாக வந்தது நோயைவிடக் கொடிய மருந்து. 1929இல் ஆட்சிக்கு வந்த ஆண்டர்சன் அரசு, 1930இல் பொதுப் பள்ளிகளில் துறவுடையையும் சமயச் சின்னங்களையும் தடை செய்தது. 1931இல் முதல் வகுப்பிலிருந்தும் பிரெஞ்சு பயிற்றுமொழியை நீக்கியது. ஆங்கிலம் ஒரு சொல்கூடக் கேட்டறியாத ஆறு வயதுக் குழந்தை முதல் நாளிலிருந்து ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். 1934 தேர்தலில் ஆண்டர்சன் கட்சி ஓரிடம்கூட வெல்லவில்லை. எனினும் நாளுக்கு ஒரு மணி நேரம் என்ற வரம்பு 1960கள் வரை நீடித்தது.

அந்த ஒரு மணி நேரத்தை அவர்கள் பயன்படுத்திய விதம் கவனிக்கத்தக்கது. 1912இல் டக் லேக் என்னும் ஊரில் தொடங்கிய பிரெஞ்சுக் கத்தோலிக்கச் சங்கம் தானே ஒரு பாடத்திட்டம் வகுத்தது, பாடநூல்களை வருவித்தது, மாகாணம் முழுவதும் ஆண்டுதோறும் பிரெஞ்சுத் தேர்வு நடத்தி, விடைத்தாள்களைத் திருத்தி, பரிசு கொடுத்தது. சட்டத்துக்கு வெளியே ஒரு கல்வித் துறையே இயங்கியது எனலாம். அதன் செலவு உழவர்களிடம் ஊர் ஊராகத் திரட்டிய நன்கொடை. ஓரறைப் பள்ளியின் நிர்வாகிகளும் அதே ஊர் உழவர்கள்தான். ஆசிரியரை அமர்த்துவோரும் அவர்களே. ஒரு மணி நேரம் சில இடங்களில் கொஞ்சம் நீண்டிருக்கும். கல்வி அதிகாரி வருகிறார் என்றால் புத்தகங்கள் மாறியிருக்கும்.

புழுதி

1929க்குப் பிறகு பாலிசர் சொன்னது பலித்தது. மழை தவறியது, உழுது விடப்பட்ட மேல்மண் காற்றில் பறந்தது. கோதுமை விலையும் வீழ்ந்து, 1932இல் உழவர் கைக்கு வந்தது புஷலுக்கு 35 சென்ட் அளவே. 1937இல் சஸ்காச்சுவானின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு மூன்று புஷலுக்கும் குறைவு. விதைத்த தானியமே திரும்பியது என்று சொல்லும் அளவு. 1931–41 காலத்தில் புல்வெளி மாகாணங்கள் மூன்றிலிருந்தும் சுமார் இரண்டரை இலட்சம் பேர் வெளியேறினர். கிராவல்பூர் வட்டாரம் இப்பேரிடரின் நடுப்பகுதியில் இருந்தது. கல்லூரியும் மடமும் கடனில் மூழ்கின. மாணவர் கட்டணத்துக்குப் பதிலாக இறைச்சியும் உருளைக்கிழங்கும் விறகும் வந்த காலம் அது. ஆயினும் அவை மூடப்படவில்லை.

மழை திரும்பிய பின் வந்த மாற்றம் வேறு வகையானது. மொழிக்கு அதுவே பேரடி என்பது என் கணிப்பு. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தபின் 320 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குப் போதவில்லை; பக்கத்து நிலத்தை வாங்கியவர் நிலைத்தார், விற்றவர் நகரத்துக்குப் போனார். 2016இல் சஸ்காச்சுவானின் சராசரிப் பண்ணை 1,784 ஏக்கர். அதாவது கிராவல் அடிகளார் காலத்தில் பத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குத் தொடக்கத்தில் அளிக்கப்பட்ட நிலம் இன்று ஒரே குடும்பத்தின் கையில். மக்கள் குறைந்ததால் ஓரறைப் பள்ளிகள் மூடப்பட்டன. 1944இல் புதிய அரசு சிறு பள்ளி வட்டங்களை இணைத்துப் பெரிய அலகுகளாக்கியது. நல்ல கட்டடம், நல்ல ஆசிரியர், ஆய்வுக்கூடம் ஆகியவற்றைத் தருவதே நோக்கம். அவை கிடைக்கவும் செய்தன. ஆனால், ஊருக்குள் இருந்த நிர்வாகம் பெரிய அலகுக்குப் போனது. அங்கே பிரெஞ்சு உழவர் சிறுபான்மை. மஞ்சள் பேருந்தில் ஏறி ஆங்கிலப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் ஆங்கிலத்தில் விளையாடி, ஆங்கிலத்தில் காதலித்து, வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டர்சனின் சட்டத்தால் முடியாததைப் பேருந்து எளிதாகச் செய்தது.

வானொலி

வீட்டுக்குள் ஆங்கில வானொலி ஒலிக்கத் தொடங்கியபோது மொழிப் பற்றாளர்கள் அஞ்சினர். 1946இல் மானிட்டோபாவின் செயின்ட் போனிபஸில் மேற்குக் கனடாவின் முதல் பிரெஞ்சு வானொலி தொடங்கியது. சஸ்காச்சுவானில் அரசு முன்வராததால், சமூகமே பணம் திரட்டியது. 1952இல் கிராவல்பூரிலும் சஸ்காட்டூனிலும் இரண்டு பிரெஞ்சு நிலையங்கள் ஒலிபரப்பைத் தொடங்கின. சந்தை விலை, வானிலை, செபமாலை, உள்ளூர்ப் பாட்டு, இரங்கல் அறிவிப்பு என எல்லாம் பிரெஞ்சில். அதுவரை பிரெஞ்சு கோயிலிலும் சமையலறையிலும் கேட்கும் மொழி. இப்போது கோதுமை விலையையும் அதில் கேட்கலாம். பிழைப்புக்குத் தேவையான செய்தியைச் சொல்லும் மொழிக்கு வீட்டில் மதிப்புக் கூடும். 1970களில் இந்நிலையங்கள் கனடிய அரசு ஒலிபரப்புக் கழகத்தின் கைக்குப் போயின. நாடு முழுவதற்குமான நிகழ்ச்சிகள் வந்தன; ஊர்க்குரல் மங்கியது. பின்னர் கிராவல்பூரில் ஒரு சிறு சமூக வானொலி பழைய அழைப்பெழுத்துகளோடு மீண்டும் தொடங்கப்பட்டது.

1988

காற்று 1960களில் திசை மாறியது. 1968இல் சஸ்காச்சுவான் சட்டம் திருத்தப்பட்டு, குறிப்பிட்ட பள்ளிகளில் பிரெஞ்சு மீண்டும் பயிற்றுமொழியானது. அடுத்த ஆண்டு கூட்டாட்சி ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1970களில் இம்மக்கள் தமக்கென ஒரு பெயரையும் ஆக்கிக்கொண்டனர்: பிரான்சஸ்குவா. 1979இல் ஒரு கொடி: கோதுமைக்கு மஞ்சள், வடபுலக் காடுகளுக்குப் பச்சைச் சிலுவை, மூலையில் சிவப்பு லில்லி மலர். 1982ஆம் ஆண்டு உரிமைச் சாசனத்தின் 23ஆம் பிரிவு, எண்ணிக்கை போதுமானதாக இருக்கும் இடங்களில் சிறுபான்மை ஆட்சிமொழியினர் தம் மொழியில் கல்வி பெறும் உரிமையை உறுதி செய்தது.

இதற்கிடையே ஒரு வழக்கு. 1980இல் வேகமாகக் கார் ஓட்டியதற்காக அபராதச் சீட்டுப் பெற்ற ஆந்திரே மெர்க்யூர் என்ற குருவானவர், தமக்குப் பிரெஞ்சில் விசாரணை வேண்டும் என்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தீர்ப்பு வருமுன் அவர் காலமானார். 1988 பிப்ரவரியில் நீதிமன்றம் கூறியது: 1877ஆம் ஆண்டு மொழி உரிமை முறையாக நீக்கப்படவே இல்லை, எனவே ஆங்கிலத்தில் மட்டும் இயற்றிய மாகாணச் சட்டங்கள் அனைத்தும் குறைபாடுடையவை. நூறாண்டுக்குப் பின் கிடைத்த நீதி. ஆனால், அதே தீர்ப்பு, மாகாணம் விரும்பினால் அவ்வுரிமையை இருமொழிகளில் இயற்றிய ஒரு சாதாரணச் சட்டத்தால் நீக்கலாம் என்றும் சொன்னது. சஸ்காச்சுவான் அவ்வாண்டே அப்படியொரு சட்டம் இயற்றிப் பழைய ஆங்கிலச் சட்டங்களைச் செல்லத்தக்கவை ஆக்கிக்கொண்டது. சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு பேசும் உரிமை தப்பியது, மற்றவை போயின. வென்ற வழக்கின் பலன் சில வாரங்களுக்குள் பறிபோனது.

அதே 1988இல் மத்தியூ கல்லூரியின் பழைய கட்டடம் தீக்கிரையானது. எழுபதாண்டு நினைவுகள் ஒரே நாளில் எரிந்தன. குருக்கள் நிர்வாகத்திலிருந்து முன்பே விலகியிருந்தனர். பொதுமக்கள் குழுவொன்று கல்லூரியை நடத்தி வந்தது. அவர்கள் மூடிவிடவில்லை, மீண்டும் கட்டினார்கள். 1993இல் பிரெஞ்சுப் பள்ளிகளைப் பிரெஞ்சுப் பெற்றோரே நிர்வகிக்க மாகாணச் சட்டம் இடமளித்தது. 1918இல் பறிபோனதற்கும் மேலான உரிமை அது. ஆனால், அதைப் பயன்படுத்த வேண்டிய பிள்ளைகளின் எண்ணிக்கை அதற்குள் சுருங்கியிருந்தது. சஸ்காச்சுவானில் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டோர் 1941இல் 43,000 பேருக்கும் மேல். இன்று சுமார் 15,000 பேர் அளவே.

இன்று

1998இல் கிராவல்பூர் மறைமாவட்டம் கலைக்கப்பட்டு ரெஜைனாவோடு இணைந்தது. பேராலயம் இணைப் பேராலயமாயிற்று. மையாரின் ஓவியங்களைக் காணச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். கூரையையும் கோபுரத்தையும் பழுதுபார்க்கும் செலவை ஆயிரம் பேர் வாழும் ஊர் எப்படித் தாங்கும் என்பது ஒவ்வோர் ஆண்டும் எழும் கேள்வி. தெருப்பலகைகள் இரு மொழிகளில் உள்ளன; பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஆங்கிலம். பிரெஞ்சுப் பள்ளி நடக்கிறது. மத்தியூ கல்லூரி இலத்தீனும் கிரேக்கமும் கற்பிப்பதை எப்போதோ விட்டு, பெரியவர்களுக்கான தொழிற்கல்வியையும் மொழிக் கல்வியையும் பிரெஞ்சில் அளிக்கும் நிறுவனமாக மாறியிருக்கிறது. ரெஜைனா முதலிய நகரங்களிலும் இயங்குகிறது. அதன் மாணவர்களில் இப்போது பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தோரும் உண்டு. சஸ்காச்சுவானின் பிரெஞ்சுச் சமூகத்துக்குப் புதியவர்கள் சேர்வது அவர்களால்தான். அவர்கள் குடியேறுவது பெரும்பாலும் ரெஜைனாவிலும் சஸ்காட்டூனிலும். கோதுமை வயல்களில் அல்ல.

வயல்களும் மாறிவிட்டன. கோதுமையோடு பருப்பு வகைகள் பெருமளவில் விளைகின்றன; இலங்கையிலும் தமிழகத்திலும் சமைக்கும் மைசூர்ப் பருப்பில் கணிசமான பங்கு இந்த மாகாணத்தின் மண்ணிலிருந்து வருவது. இன்னொரு பயிர் கடுகு. பிரான்சின் புகழ்பெற்ற திஜோன் கடுகுச் சாந்துக்கு வேண்டிய விதையில் பெரும்பகுதி கனடியப் புல்வெளியிலிருந்துதான் போகிறது. 2021இல் பாலிசரின் முக்கோணத்தில் மறுபடியும் மழை பொய்த்தது. கடுகு விளைச்சல் பாதியாகச் சரிந்தது. அடுத்த ஆண்டு பிரெஞ்சுக் கடைகளில் கடுகுச் சாந்து அடுக்கும் தட்டுகள் காலியாகக் கிடந்தன. சில கடைகள் ஆளுக்கு ஒரு புட்டிதான் என்று அறிவிப்பு ஒட்டின.